நிரப்பி வைத்த டேங்க்

எங்கள் தெருக்கோடியில் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவரை எல்லாரும் நிதானம் என்றுதான் சொல்வோம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவசரம் என்று பறந்தால், அவசரம் வண்டிக்கா உங்களுக்கா என்று கேட்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கைபட்ட வண்டி அதே கோளாறுக்காகத் திரும்பி வந்தது கிடையாது. முதலில் வண்டி வெளியே போனால்தானே திரும்பி வருவதற்கு என்று நக்கல் பேசுகிறவர்களும் கடைசியில் அவரிடம்தான் கொண்டுபோய் விடுவார்கள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஸ்பேனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கும். கழற்றிய நட்டு, போல்ட்டெல்லாம் வண்டிக்கு ஒன்றாக டப்பா மூடிகளில் இருக்கும். மூடி காலியானால்தான் வண்டிக்கு விடுதலை. ஒருமுறை மூடியில் ஒரே ஒரு வாஷர் மிஞ்சிவிட்டதென்று, தெருமுனை வரை போய்விட்ட வண்டியைக் கூப்பிட்டு மறுபடி பிரித்த மனுஷர். உள்ளறையில் அவர் மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மெஷின் நின்றால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். அதற்கென்று தனியாகக் கூப்பிடுவதில்லை.

இப்படிப்பட்ட ஆளைத் தன் புத்தியின் மேலேயே சந்தேகப்பட வைத்தவன் நான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் மருத்துவமனையில் ஸ்டோர் கீப்பர். பழைய பல்பைக் கண்ணில் காட்டாமல் என்னிடம் புது பல்பு வாங்கிவிட முடியாது. தலைமை டாக்டர் பேனா கேட்டாலும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கஞ்சன், கறார் பேர்வழி என்று முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். ஆனால் கை சுத்தமான ஆள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

என் மனைவியின் தம்பி ஒன்றரை வருஷக் கப்பல் வேலைக்குப் போனான். மோட்டார் சைக்கிள்தான் அவனுக்கு உயிர். கிளம்புகிற பரபரப்பில் அதை நிதானத்திடம் விட்டு, மாசக்கணக்காக நிற்கப்போகிற வண்டி, உள்ளே துருப்பிடிக்காமல் டேங்கை ஃபுல் பண்ணி, அதற்குத் தக்கபடி தயார் பண்ணி அக்கா வீட்டில் நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவரும் ஆயிலை மாற்றி, கார்பரேட்டரை வடித்து, பேட்டரியைக் கழற்றி, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினார். சாவியும் பேட்டரியும் என் மனைவி கையில் வந்து சேர்ந்தன.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் என் ஸ்கூட்டரில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. மச்சினன் வண்டியின் டேங்கைத் திறந்தேன். கழுத்து வரை பெட்ரோல் தளும்பியது. மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் டியூபை விட்டு, வாயால் உறிஞ்சி, என் ஸ்கூட்டருக்கு இறக்கிக்கொண்டேன். சாயங்காலமே திரும்ப ஊற்றிவிட வேண்டும் என்று சத்தியமாக நினைத்தேன். சாயங்காலம் மழை. மறுநாள் மறதி. அடுத்த மாசம் மறுபடி அவசரம் வந்தது. எடுத்த இடத்தில் எடுப்பது எவ்வளவு சுலபம் என்று எடுத்தவனுக்குத்தான் தெரியும். வேலியே பயிரை மேய்ந்தது; நாலாவது மாசத்தில் டேங்க் காய்ந்துவிட்டது. ஊரார் பல்புக்குக் கணக்குக் கேட்கிறவன், இதை என் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. மச்சினன் வருவதற்கு முதல் நாள் நிரப்பிவிட்டால் தீர்ந்தது என்று இருந்தேன்.

அவன் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே பெட்டியோடு வாசலில் நின்றான். காப்பியைக்கூடக் குடிக்காமல் மாடிப்படிக்கு அடியில் புகுந்தான். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மாட்டி, கிக்கரை உதைக்க ஆரம்பித்தான். இருபது உதை, முப்பது உதை. வண்டி தும்மக்கூட இல்லை. பிளக்கைக் கழற்றித் தேய்த்துப் பார்த்தான்; பொறி நன்றாகவே வந்தது. கார்பரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினான். ஒரு சொட்டு இறங்கவில்லை. பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பினான், அப்போதும் இல்லை. அவன் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வர, விடை தெரிந்த நான் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டேங்க் மூடியைத் திறந்தான். உள்ளே பொட்டுப் பெட்ரோல் இல்லை. விரலை விட்டு எடுத்தால் செங்கல் பொடிபோலத் துரு.

“ஃபுல் பண்ணிதானே வைக்கச் சொன்னேன்?” என்றான்.

திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றேன். அப்போது என் வாயில் வந்தது பொய்கூட இல்லை, ஒரு கேள்விதான்.

“அவர் ஃபுல் பண்ணினத நீ பாத்தியா தம்பி?”

அவ்வளவுதான். மீதியை அவனே முடித்துக்கொண்டான். நேராகப் பட்டறைக்குப் போய், வயசில் மூத்தவர் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி பேசினான். நான் பின்னாலேயே போய், விடுப்பா, மனுஷன்னா மறதி இருக்காதா என்று சமாதானம் பண்ணினேன். அவரைக் காப்பாற்றுகிற மாதிரி அவர் தலையிலேயே பழியை வைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

நிதானம் எங்களோடு வீட்டுக்கு வந்தார். நான் டார்ச்சைப் பிடிக்க, டேங்குக்குள் வெகு நேரம் பார்த்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊற்றின மாதிரிதான் ஞாபகம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு, என் மேலதான் தப்பு தம்பி, நானே சரி பண்ணித் தர்றேன் என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். டேங்கைக் கழற்றி, பொடி ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு மூன்று நாள் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தார். கார்பரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வருகிற ஜெட் துளைக்குக் காற்றடித்தார். நாலாம் நாள் வண்டி இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. கூலி வேண்டாம் என்றுவிட்டார். மச்சினனுக்கு வண்டி கிடைத்ததும் கோபமும் போய்விட்டது. எல்லாம் சுபம் என்று நானும் மூச்சு விட்டேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு ஒரு வாரம் குறுகுறுத்துவிட்டு மெல்ல அடங்கத் தொடங்கியது. அதுதான் எனக்கே அசிங்கம்.

இருபது நாள் கழித்து ஸ்கூட்டரில் பிரேக் சரியில்லை என்று பட்டறைக்குப் போனேன். வழக்கமாக ஐந்தாறு வண்டி நிற்கிற இடத்தில் ஒரே ஒரு சைக்கிள் நின்றது. பிரேக் வேலை எடுப்பதில்லை, வேறு கடையில் பாருங்கள் என்றார் நிதானம். நான் சிரித்துக்கொண்டே, என்ன, பெரிய மெக்கானிக் ஆகிட்டீங்களா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“டேங்க் நிரப்ப மறந்தவன் நாளைக்கு பிரேக் நட்டை முறுக்க மறந்தா, ஒரு உயிரு போயிடும் ஸ்டோர் சார். இந்த மாசத்தோட கடையை மூடிடலாம்னு இருக்கேன்.”

தன் அண்ணனுக்கும் இந்த வயதில்தான் மறதி ஆரம்பித்தது என்றார். முதலில் சின்னச் சின்னதாகத்தான் மறந்ததாம். கடைசியில் பெற்ற பிள்ளையைத் தெரியவில்லையாம். அதனால் இவருக்கு இப்போது எதைச் செய்தாலும் செய்தோமா என்று சந்தேகம். முறுக்கிய நட்டை மூன்று தடவை முறுக்குகிறாராம். நேற்று ஒரு போல்ட் அப்படியே நசுங்கிவிட்டதாம்.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டேன். பெட்ரோலை எடுத்தவன் நான்தான், நீங்கள் மறக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க. பல்புக்குப் பல்பு கேக்குற ஆளு, போயும் போயும் பெட்ரோலை எடுப்பாரா?”

இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பாமல் தலையை ஆட்டினார். மீன் தொட்டி டியூபைச் சொன்னேன். அதற்கும் சிரித்தார். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த நல்ல பெயர் என் உண்மைக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அந்தக் கை சுத்தத்தை அன்றைக்குப் போல நான் வெறுத்ததில்லை. டேங்கைத் திறந்த அந்தக் காலையை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

“மூடிக்குக் கீழ பால் கவரை ரெண்டா மடிச்சு, கிரீஸ் தடவி வச்சிருந்தீங்க. வழுக்கிக்கிட்டு வந்துச்சு. நான்தான் அதைக் குப்பையில போட்டேன்.”

நிதானத்தின் கை அப்படியே நின்றது. நீண்ட நாள் நிற்கிற வண்டிக்கு ஈரம் இறங்காமல் இருக்க அவர் மட்டும் செய்கிற வேலை அது. யாரிடமும் சொன்னதில்லை. டேங்கை நிரப்பிய பிறகுதான் அதை வைப்பாராம். அன்றைக்கு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததே அதைத் தேடித்தான். அது இல்லாததை வைத்துத்தான், நாம் நிரப்பவே இல்லை போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்திருக்கிறார்.

உள்ளே தையல் மெஷின் நின்றது. அவர் மனைவி வாசற்படியில் வந்து நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“இருபது நாளா இவரை அடுப்புப் பக்கம் விடலை. தனியா கடைத்தெருவுக்கு அனுப்பலை. பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்னு என் மெஷினை விக்க ஆள் பாத்துட்டேன்” என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் புருஷனின் தோளைத் தொட்டுக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று புரிந்தபோது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

மன்னித்துவிடுங்கள் என்றேன். பெட்ரோலுக்கு, மூன்று நாள் கூலிக்கு என்று ஏதோ உளறினேன். நிதானம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் பேசினார்.

“பெட்ரோல் போனா போகுது. அவசரத்துக்கு யாரும் எடுக்கிறதுதான். அன்னைக்கு நான் டேங்குக்குள்ள பாத்துட்டு, என் மேலதான் தப்புன்னு சொன்னேனே, அப்ப டார்ச்சைப் பிடிச்சிட்டிருந்தது நீங்கதானே?”

“ஆமா” என்றேன்.

அங்கேயே நின்று, இரண்டு பேர் காதிலும் விழும்படி, மச்சினனுக்குப் போன் போட்டேன்.