பர்ன்லிக்குப் போன பொட்டலம்

ஓல்டம் ஊரில் எங்கள் தெருவில் ஹில்டா கிரிம்ஷாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. பஞ்சாலையில் எனக்கு அடுத்த இயந்திரம் அவளுடையது. மேஸ்திரியே அவளைக் கண்டால் வேறு பக்கமாகப் போவார். புருஷன் போனபின் ஒற்றை ஆளாக டெரிக்கை வளர்த்தாள். அவனுக்குப் பதினெட்டாகிப் பட்டாளத்து அழைப்பு வந்தபோதுதான் அவள் பயந்து நான் பார்த்தேன்.

அப்போதெல்லாம் சட்டப்படி எல்லாப் பையன்களும் இரண்டு வருஷம் பட்டாளத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். தொழில் பழகுகிறவன் மட்டும் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். டெரிக் தச்சுவேலை பழகிக்கொண்டிருந்தான். கொரியாவில் வேறு சண்டை. இவள் என்ன செய்தாள், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் முதலாளியைப் பார்த்துத் தள்ளிப்போடும் மனுவை வாங்கி வந்துவிட்டாள். அவன் அதைக் கிழித்துப் போட்டான்.

"எல்லாப் பயலும் போறான், நான் மட்டும் உன் முந்தானைக்குள்ள ஒளியணுமா? உன்கிட்டேருந்து தப்பிச்சா போதும்னு இருக்கு!"

அந்தக் கோபத்திலேயே, சாப்பிடாமல் பட்டாளத்துக்குக் கிளம்பிப் போனான். பாவம் ஹில்டா, வேலைக்கு வந்தாள், போனாள். யாரையும் திட்டவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டாளத்தில் சேர்ந்ததும் போட்டுப்போன துணியைப் பழுப்புத்தாளில் கட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பொட்டலத்தைப் பிரித்து அழாத தாய் எங்கள் தெருவில் இல்லை. ஹில்டாவுக்கும் வந்தது.

"மேபெல், இங்க வாடி!" என்று கத்தினாள். "ஒரே வாரத்துல என் பிள்ளை அரையாளாயிட்டானா?"

கால்சட்டை அவள் முழங்காலுக்குத்தான் வந்தது. யாரோ ஒரு குள்ளப் பையனுடைய துணி. முகவரிச் சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். கோட்டுப் பையில் பர்ன்லி ஊர் மீன்பிடி சங்கத்து அட்டை இருந்தது: ரோனி டாட், வீட்டு விலாசத்தோடு. ஹில்டா எல்லாப் பையையும் வெளியே இழுத்துப் பார்த்தாள். மகன் ஒரு வரியாவது எழுதியிருக்க மாட்டானா என்றுதான்.

சனிக்கிழமை ஆலை விட்டதும் இரண்டு பேரும் பஸ் பிடித்தோம். ரோனியின் அம்மா ஒல்லியான மனுஷி. எங்களைக் கண்டதும் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

"நானும் யார் துணியோன்னு முழிச்சுட்டு இருந்தேன், கண்ணு. துணி மாறினா மாறிட்டுப் போகுது, லெட்டர் சரியா வந்துடுச்சு!" என்று கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "துணிக்கு மேல வச்சிருந்தான். என் பையன் கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனவன். நானும் அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். படிங்களேன்."

ஹில்டா வாங்கினாள். நானும் எட்டிப் பார்த்தேன். 'அம்மா, கிளம்பும்போது பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதே. உன் கவலை எனக்குத் தெரியாதா? இங்கே ரொட்டி செங்கல் மாதிரி இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடு.' பேர் போடவில்லை. வலப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தை நான் எத்தனை கிறிஸ்துமஸ் அட்டையில் பார்த்திருக்கிறேன்! டெரிக்கேதான்.

"கையெழுத்தைப் பாருங்க," என்றாள் ரோனியின் அம்மா. "கோழி கிளறின மாதிரி எழுதுவான். ஒரே வாரத்துல பட்டாளம் எப்படித் திருத்திடுச்சு!"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் ஹில்டா என் காலை மிதித்தாள், நல்ல வலி.

"ஆமா, நல்லா திருத்திடுவாங்க," என்றாள். இன்னொரு தடவை மெதுவாகப் படித்தாள். பிறகு மடித்து அவளிடமே கொடுத்தாள். "தங்கமான பையன்."

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அடிப் பாவி! உன் பிள்ளை உனக்கு எழுதினதுடி அது!"

"தெரியும்." டெரிக்கின் துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

அன்றைக்கே மகனுக்கு எழுதினாள், என்னை வைத்துக்கொண்டே. 'உன் கடிதம் கிடைத்தது. தப்பு என் பேரில்தான். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். உன் பொட்டலம் ரோனி டாட் வீட்டுக்கு மாறிப் போய்விட்டது. அந்த ரோனி பையனிடம் சொல், அவன் அம்மாவிடம் அவன் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி தைரியமாக வீட்டுக்கு எழுதலாம்.'