பெல்மீருவின் நத்தை

சாந்தா மரியா தீவில், பாறைக்குள் கல்லாகிப்போன சிப்பிகளை ஆராய வருகிறவர்களுக்கு எங்கள் பெல்மீருவின் படகுதான் கதி. அந்தப் பாறை நிற்கும், எரிமலை கக்கிய கறுப்புச் சுவருக்குக் கடல் வழியாகத்தான் போக முடியும். இருபத்திரண்டு கோடைகள் அவர்களைச் சுமந்ததற்கு நன்றியாக, பேராசிரியை என்ரிகெட்டா புதிதாகக் கண்டெடுத்த ஒரு கல்நத்தை இனத்துக்கு அவர் பெயரை வைத்தார். பெல்மீரு அன்றே, படகிலிருந்த ‘ஜெனவேவா’ என்ற மாமியார் பெயரின்மேல் வண்ணம் பூசித் தன் பெயரை எழுதினார். அதன்பிறகு அந்த மாமியார் அவருக்கு மீன் சூப் ஊற்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பேராசிரியை படகுத்துறையில் தயங்கி நின்றார்.

“அண்ணே, அந்த நத்தைக்கு நூத்தம்பது வருஷம் முன்னாடியே ஒரு ஜெர்மன்காரர் பேர் வெச்சிருக்கார். எங்க விதிப்படி முதல்ல வெச்ச பேருதான் செல்லும்.”

“அப்ப என் பேரு?”

“போச்சுண்ணே.”

“அம்பது லட்சம் வருஷமா பேரில்லாம சும்மா கெடந்துச்சு. அந்தாளுக்கு அப்படி என்ன அவசரம்?”

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஜெனவேவாவின் காதில் விதி மட்டும் சுத்தமாக விழுந்தது.

“கேட்டீங்களா மாப்ளே? முதல்ல வெச்ச பேருதான் செல்லுமாம். படகைக் கரையேத்துங்க.”

“அது நத்தைக்கு, அத்தே!”

“படகுக்கு மட்டும் கொம்பா மொளைச்சிருக்கு?”

இன்று காலை பெல்மீரு வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ‘ஜெனவேவா’ ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது. அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியார், ஒரு கிண்ணம் சூப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“மெதுவா மாப்ளே, உடைச்சிராதீங்க. ரொம்பப் பழசு.”