அச்சு அசலாக இரண்டு கோடுகள்

அமுதவல்லிக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கேஸை மூடினோமா என்று மூன்று தரம் பார்ப்பாள். புருஷன் தர்மன், "நான் பார்த்துட்டேன், வா" என்றால் அதற்காகவே நாலாவது தரமும் போய்ப் பார்ப்பாள். மாரண்டஹள்ளியில் தக்காளி போடுகிற அந்த மனுஷன், "போலீஸ்ல சேர வேண்டியவ, தப்பித்தவறி எங்கிட்ட வந்து மாட்டிக்கிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

போலீஸில் சேரவில்லையே தவிர, குணத்துக்கேற்ற வேலைதான் அமைந்தது. பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் நடுவே மூடிக் கிடந்த நூல் மில் ஒன்றை வாங்கி, ஒரு தனியார் கம்பெனி சோதனைக்கூடம் ஆக்கியிருந்தது. முதலில் லாரி உதிரி பாகங்களை ஆட்டிப் பார்த்துச் சான்று கொடுத்தார்கள். நாலு வருஷமாகச் சின்னச் சின்னச் செயற்கைக்கோள்களும் வருகின்றன. டிப்ளமோ படித்துவிட்டுப் பத்து வருஷம் அடுப்படியில் கிடந்த அமுதவல்லி இங்கே சேர்ந்து, பாகங்களைப் பூட்டவும் சோதனை அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவும் கற்றுக்கொண்டாள். தர்மன் பொண்டாட்டி என்றே அறியப்பட்டவளை ஊரில் இப்போது "ராக்கெட்டு கம்பெனி அம்மா" என்கிறார்கள். அந்தப் பெயர் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் அது ஒப்பந்த வேலை. போன வருஷம் சோதனையின் நடுவில் ஏதோ சத்தம் கேட்டது என்று அவள் மெஷினை நிறுத்த வைத்தாள். நாள் முழுக்கத் தேடியும் ஒரு மண்ணும் அகப்படவில்லை. மேனேஜர் மாதவராஜ் அறைக்குக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வீண் சந்தேகம் கிளப்புனீங்கன்னா வூட்டோட இருந்துக்குங்கம்மா" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சு காதில் இருக்கும்போதுதான் சோபனாவின் செயற்கைக்கோள் வந்தது. சோபனா பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்பவள். சூரியனிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை அளக்க, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு அந்தக் கலத்தை ஐந்து வருஷம் பாடுபட்டுக் கட்டியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை லாரி வந்து ஏவுதளத்துக்கு ஏற்றிப் போகும். போய்விட்டால் போனதுதான். அப்புறம் மேலே எது கழன்றாலும் ஏணி போட்டு ஏறி முடுக்க முடியாது.

ராக்கெட் கிளம்பும்போது என்ன உலுக்கு உலுக்குமோ, அதே உலுக்கலை ஷேக்கர் மேசையில் கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. அதற்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம், மெல்ல ஆட்டி கிராஃப் எடுப்பார்கள். இரண்டு கிராஃபிலும் கோடு உயர்ந்து நிற்கும் மேடு ஒரே இடத்தில் விழுந்தால் உள்ளே எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம். மேடு நகர்ந்தால் எதுவோ தளர்ந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மெஷினை ஓட்டியவன் ரஞ்சித்குமார். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அமுதவல்லியைச் சொந்த அக்காவாகவே நினைக்கிறவன். புதன் காலை அவன் கொடுத்த அறிக்கையைத் திறந்தாள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று அழகாகப் படுத்திருந்தன. மேடும் நகரவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருந்தது. மேடு ஒத்துப்போகலாம், சரி. ஓரத்தில் மயிரிழை மயிரிழையாக நடுங்குகிற நடுக்கம்கூடவா ஒத்துப்போகும்? ஒரே செடியில் பறித்த தக்காளியை இரண்டு கூடையில் போட்டால்கூட எடை ஒன்றாக நிற்காது. மண்டியில் பத்துக் கூடைக்கும் ஒரே எடை எழுதியிருந்தால் எழுதினவன் தராசுப் பக்கமே போகவில்லை என்பது தக்காளி போடுகிற வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அடப்பாவி, முதல் கிராஃபையே இரண்டாவது என்று எடுத்து ஒட்டியிருக்கிறான்!

மத்தியானம் வரைக்கும் அவனையே கவனித்தாள். எப்போதும் டீக்கு வந்து கூப்பிடுகிறவன் கூப்பிடவில்லை. சாப்பாட்டை வெளியே மரத்தடிக்கு எடுத்துப்போய்த் தனியாகச் சாப்பிட்டான். எதிரே வந்தால் செல்போனைப் பார்த்தான். இரண்டாவது தரம் ஆட்டவே சோம்பல்பட்டு, வீட்டுக்கு ஓடியிருக்கிறான் கழிசடை என்று அவளுக்குள் எரிந்தது. ஷேக்கர் பக்கத்தில் மடக்கினாள்.

"ரஞ்சித்து, நேத்து ரெண்டாவது தடவை ஆட்டுனியா?"

"ஆட்டுனங்கக்கா." கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது.

"அப்ப கிராஃப் எப்படிப்பா அச்சு அசலா ஒண்ணா இருக்குது?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "அக்கா, இதை வுட்டுடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் வுழறேன். சாயங்காலம் வரைக்கும் கையெழுத்துப் போடாம இருங்க, போதும்."

"சாயங்காலம் என்ன பண்ணப் போற?"

அவன் கண் கலத்தின் பக்கம் போய்த் திரும்பியது. திருட்டு முழி என்றால் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. தன்னைக் கிறுக்கி என்று நினைத்து ஏய்க்கப் பார்க்கிறான். மாதவராஜ் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தத் தடவையும் ஒன்றும் இல்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். போனால் போகட்டும், தெரிந்தே கையெழுத்துப் போடுகிற ஜாதி நானில்லை என்று விறுவிறுவென்று மேனேஜர் அறைக்கு நடந்தாள். அங்கே சோபனாவும் இருந்தாள். இருவர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாள்.

"மறுபடி ஒரு தடவை ஆட்டிப் பாருங்க சார். என் கண்ணு முன்னாடி ஆட்டணும்."

மாதவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். சோபனாவோ இரண்டு கோடுகளையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. "ஆட்டுங்க சார்" என்றாள்.

இந்தத் தடவை மெஷினை மாதவராஜே ஓட்டினார். ரஞ்சித்குமார் சுவரில் சாய்ந்து நின்றான். திரையில் கோடு ஏறியது. பழைய மேட்டுக்கு வெகுமுன்பே, இடப்பக்கத்தில், கூன் விழுந்தது மாதிரி புது மேடு எழும்பியது. அமுதவல்லிக்கு உடம்பே சிலிர்த்தது. பார்த்தாயா, நான் சொன்னது வீண் போகவில்லை! வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த மேட்டைக் காட்டிய சென்சார் இருக்கும் பக்கத்துப் பேனலைத் திறந்தார்கள். உள்ளே மின்கருவிப் பெட்டி ஒன்று எட்டுப் போல்ட்டில் நின்றது. இவ்வளவு இறுக்கம் என்று அளவு வைத்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்கி, அது கிளிக் என்று சொன்ன பிறகு, போல்ட் தலையிலிருந்து தகடு வரைக்கும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பது வழக்கம். போல்ட் திரும்பினால் கோடு முறியும். ஏழு கோடுகள் நேராக இருந்தன. மூன்றாவது போல்ட்டின் கோடு முறிந்து, தலை ஒரு பக்கமும் தகடு ஒரு பக்கமுமாக நின்றது. சோபனா விரலால் தொட்டாள். போல்ட் சுழன்றது.

"இது ரெஞ்சே போடாத போல்ட்டு. வெறும் கைமுடுக்கு மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. யாரு பூட்டுனது?" என்று கேட்டார் மாதவராஜ்.

ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் அமுதவல்லிக்கு உறைத்தது. பெட்டி நம்பரைப் பார்த்தாள். அந்தப் பெட்டியை வைத்தது அவள். போன வெள்ளிக்கிழமை, மூன்றாவது போல்ட்டில் ரெஞ்சை வைக்கப் போகும்போது யாரோ கூப்பிட்டார்கள், திரும்பி வந்து நாலாவதில் வைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஊரையே சந்தேகப்பட்ட அந்தக் கண் தன் கையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

மாதவராஜ் பூட்டியவர் பட்டியல் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தேடாதீங்க சார். என் கைதான்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நான் பூட்டுனதுதான். இந்தக் கலத்துல என் கை பட்ட போல்ட்டு இன்னும் நாப்பது இருக்குது. எல்லாத்தையும் வேற ஆளை வெச்சுச் சோதிச்சிருங்க. நான் சரியா முடுக்குனேன்னு சொன்னா நம்பாதீங்க."

நாற்பதையும் சோதித்தார்கள். மற்றவை கெட்டியாகவே இருந்தன. லாரி இரண்டு நாள் தள்ளிப் போனது. சோபனா அவள் கையைப் பிடித்து, "நீங்க சொல்லலன்னா அஞ்சு வருஷமும் போயிருக்கும்" என்று கண் கலங்கினாள். தானே ஒத்துக்கொண்டதால் அமுதவல்லிக்குக் கடைசி எச்சரிக்கையோடு வேலை தங்கியது. அறிக்கையில் பொய்யான கிராஃபை ஒட்டிய ரஞ்சித்குமாரை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை கேட்டுக்கு வெளியே அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அமுதவல்லி ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ஏன்டா தம்பி இப்படிப் பண்ண?"

"நேத்தே அந்தப் பெட்டி சென்சார்ல மேடு நகர்ந்துச்சுக்கா. அந்தப் பெட்டி நீங்க வெச்சதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா உங்கள அனுப்பிடுவாங்க. இன்னிக்குச் சாயங்காலம் சென்சார் கழட்ட பேனலத் தொறப்பாங்கல்ல, அப்ப நானே முடுக்கிட்டு, மறுபடி ஆட்டி நெஜ கிராஃப வெச்சிடலாம்னு இருந்தேன். தப்புதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா! உங்க போல்ட்டு தளர்ந்திருக்குதுக்கான்னு சொல்ல வாய் இல்லையா உனக்கு?"

ரஞ்சித்குமார் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கோபம் இல்லாமல்தான் கேட்டான்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாக்கா?"

அமுதவல்லி ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நம்பியிருக்க மாட்டாள். அது அவனுக்கும் தெரியும்.