வரப்புக்குக் கேட்கும் அழுகை

2025 அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் மையத்தின் பூட்டைத் திறந்தேன். திறந்ததும் செய்யும் வேலைகளுக்கு என்னிடம் ஒரு வரிசை உண்டு; மழையோ வெயிலோ அதை மாற்றுவதில்லை. முதலில் வயல் பக்கத்துச் சன்னல். பிறகு பாயை வாசலில் உதறிக் கொண்டுவந்து விரிப்பது. மூலைகளில் பூரான் இருக்கிறதா என்று துடைப்பத்தால் தட்டிப் பார்ப்பது. குடிநீர்ப் பானையைக் கழுவி நிரப்புவது. கடைசியாகத் தூளிகள். சுவருக்குச் சுவர் போட்டிருக்கும் இரும்புக் குழாயில், தாய்மார்கள் கொடுத்து வைத்திருக்கும் பழைய நூல் சேலைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, என் பாரத்தைப் போட்டு இழுத்துப் பார்ப்பேன். முடிச்சு நழுவாது என்று தெரிந்த பிறகுதான் அடுத்தது.

அன்று ஒரு தூளி கூடுதலாகத் தேவைப்பட்டது. குழாயில் இடம் போதவில்லை. மின்விசிறியைப் பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் கொக்கி சும்மா இருந்தது. அதில் கட்டினேன்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். திருவையாற்றுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது என் மையம். ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். தெருவில் எல்லோருக்கும் அது இன்னும் பால்வாடி, நான் டீச்சர், எனக்கு உதவியாக இருப்பவர் ஆயா. இந்தத் தெருப் பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். குறுவையை அறுத்த கையோடு தாளடி நடவு நடக்கும் நாட்களில், வெயில் ஏறுவதற்குள் பாதி வயலை முடித்துவிட வேண்டும் என்று இருட்டு பிரியும்போதே இறங்கிவிடுவார்கள். மையத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கும் நேரம் அதற்கு வெகு பின்னால் வருகிறது. ஆகவே நடவுக் காலத்தில் நான் முன்னதாகத் திறக்கிறேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வரப்பில் நிற்கும் பூவரச மரத்தில்தான் கைக்குழந்தைகளின் தூளி தொங்கும். நாலாவது படிக்கும் ஏதாவது ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கீழே உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருக்கும். எறும்பு ஏறிக் கடித்து, கன்னம் தடித்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நடவிலேயே அந்தத் தூளிகளை என் அறைக்குள் கொண்டுவந்தேன். அதன் பிறகு அந்தப் பூவரசில் ஒரு சேலையும் தொங்கவில்லை. எனக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ்கள் பெட்டியில் கிடக்கின்றன. யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அந்த மரத்தைக் காட்டுவேன்.

இந்த ஆண்டு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்தில் எல்கேஜி தொடங்கினார்கள். என்னிடம் இருந்த நான்கு வயதுக் குழந்தைகள் அங்கே போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஷூ போட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என் வாசலைத் தாண்டும்போது "குட் மார்னிங் டீச்சர்" என்று கத்திவிட்டுப் போகிறார்கள். அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் பாயில் உட்காரும் தலைகள் குறைந்துவிட்டன. குழந்தைகள் குறைவாக உள்ள மையங்களைப் பக்கத்தில் உள்ள பெரிய மையத்தோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னார்கள். எங்களுக்குப் பெரிய மையம் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தை ஒட்டியது.

பாயில் உட்காரும் குழந்தைகள்தான் கணக்கு. தினமும் கைப்பேசியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். முகம் தெரிய வேண்டும். தூளியில் தூங்கும் குழந்தைகளுக்கு எடை பார்ப்பதும், தாய்க்குச் சத்துமாவு கொடுப்பதும் மட்டுமே என் பொறுப்பில் எழுதப்பட்டிருக்கிறது. நடவு நாட்களில் என் அறையில் பாதிக் குழந்தைகள் தூளியில்தான் இருக்கின்றன. அவை எந்தக் கணக்கிலும் இல்லை. மையம் போய்விட்டால் அந்தச் சேலைகள் மறுபடியும் பூவரசுக்குப் போகும், அல்லது தாய்மார்கள் வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவார்கள். பல நாட்களாக என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

செவ்வாய்க்கிழமை, குழந்தைகளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"டீச்சர், பெரிய மேடம் இன்னைக்கு உங்க பக்கம் வர்றாங்க. மையத்தைச் சேக்கறதைப் பத்தி எழுதப் போறாங்க. அந்தத் தூளியெல்லாம் அவுத்து வச்சிருங்க."

"புள்ளைங்க தூங்குது மேடம்."

"பாயில போடுங்க, இன்னைக்கு ஒரு நாள்தான? இது மையமா, பிரசவ வார்டான்னு கேட்டுருவாங்க."

போனை வைத்ததும் ஆயா பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"டீச்சர், எதுத்த வீட்டு ரெண்டாங்கிளாஸ் பசங்க இன்னைக்கு மட்டம் போட்டுட்டு வீட்டுலதான் கிடக்குதுங்க. இழுத்தாந்து பாயில உக்கார வச்சா தலை கூடும்ல?"

"ஏங்க்கா, அவனுங்களுக்கு மீசை ஒண்ணுதான் பாக்கி. முட்டியை எங்க மடக்கி வைப்பான்?"

"கடைசி வரிசையில போட்டு, தொடையில ஒரு துண்டை விரிச்சிட்டா..."

"வேணாம்."

"அப்ப தூளியாவது அவுக்கவா?"

குழாயில் இருந்த முதல் தூளியின் முடிச்சில் கை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். உள்ளே இருந்த பெண் குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது. விதிகளை மீறிப் பழக்கம் இல்லாதவள் நான். சொன்னதைச் சொன்ன நேரத்தில் முடிப்பவள் என்றுதான் அலுவலகத்தில் எனக்குப் பெயர். ஆனால் அந்தத் தூளிகளை அவிழ்த்துவிட்டால், வருகிறவர் என் மையத்தில் பாதியைத்தான் பார்ப்பார். அந்தப் பாதியை வைத்துத்தான் முடிவும் எழுதுவார்.

"இருக்கட்டுங்க்கா. இருக்கறபடியே பாக்கட்டும்."

பத்தரை மணிவாக்கில் மதகுக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது. அதற்கு மேல் வண்டி வராது. அதிகாரி நடந்து வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். குழந்தைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். எடைக்கருவியை அவரே ஒரு தடவை சரிபார்த்தார். அரிசி டிரம்மைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார், வண்டு இல்லை. அவித்த முட்டைகளை மூடி வைத்திருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தார். சுத்தத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. குறை இருந்தால் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

பிறகு பாயில் இருந்தவர்களை எண்ணினார். உதடு மிகச் சீக்கிரம் நின்றுவிட்டது. அப்புறம்தான் தலையைத் தூக்கினார்.

"இதெல்லாம் என்ன?"

"தூளிங்க மேடம்," என்றார் ஆயா.

"தூளின்னு தெரியுதும்மா. யாரு புள்ளைங்க?"

நான் பதில் சொல்வதற்குள், கொக்கியில் கட்டியிருந்த தூளி அசைந்தது. பிறந்து ஐந்து மாதமான ஆண் குழந்தை. அதுதான் புது வரவு. வீறிட்டு அழுதது. நான் எடுக்கப் போகவில்லை. "மேடம், அந்தச் சன்னல் வழியா கொஞ்சம் பாருங்க," என்றேன்.

இரண்டு வரப்பு தள்ளி நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில், வரப்பை ஒட்டி நின்ற பெண் நிமிர்ந்தாள். கையில் இருந்த நாற்றுமுடியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வரப்பில் ஏறினாள். இந்தப் பக்கத்து நடவில் அது ஒரு வழக்கம். பால் கொடுக்கும் தாய்க்கு வரிசையில் ஓரத்து இடம்தான். குழந்தை அழுதால், யாருடைய காலையும் மிதிக்காமல் ஏறிப் போகலாம். அவள் திரும்பி வரும்வரை அவளுடைய பாகத்தைப் பக்கத்தில் இருப்பவள் சேர்த்து நட்டுக்கொண்டு போவாள். கணக்குப் பேச்சு கிடையாது. நாளைக்கு அவளுக்கும் ஒரு குழந்தை இருக்கும், அல்லது நேற்று இருந்தது.

அந்தப் பெண் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். அதிகாரியைப் பார்த்ததும் தயங்கினாள். குழந்தை தயங்கவில்லை. எடுத்துக்கொண்டு மூலையில் திரும்பி உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னாலேயே நடவு ஆட்களைக் கூட்டிப் போகும் அக்காவும் வந்துவிட்டார். ஜீப்பைப் பார்த்தவர் சும்மா இருப்பாரா? சேற்றுக்காலோடு வாசலிலேயே நின்றார்.

"வாங்க மேடம். பால்வாடியைத் தூக்கிட்டுப் போக வந்தீங்களாமே, வண்டி சின்னதா இல்ல இருக்கு?"

அதிகாரி சிரித்துவிட்டார். "யாரும் தூக்கலம்மா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய மையம் இருக்கே. நல்ல கட்டடம், பாத்ரூம் எல்லாம் இருக்கு. போன்ல மேப்புல பாத்தேன், கிட்டத்தான காட்டுது."

"கட்டடம் நல்லாத்தாங்க இருக்கு. எங்க புள்ள அங்க அழுதா வயலுக்குக் கேக்குமா?"

அதிகாரி சன்னல் பக்கம் திரும்பினார். நான் குறுக்கே பேசினேன்.

"மேப்புல வாய்க்கால் தெரியாதுங்க மேடம். மதகைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும். இந்தப் பொண்ணு புள்ளையைத் தூக்கிக்கிட்டு நடக்கட்டும். நீங்களும் கூட ஒரு நடை போயிட்டு வந்து பாருங்க. ஜீப்பு வேணாம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. ஆயா என் கையைக் கிள்ளினார். அதிகாரி கைப்பையை என் மேசைமேல் வைத்தார். "சரி, வாம்மா," என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

குழந்தைகளை விட்டுவிட்டு நான் போக முடியாது. சன்னலில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஓரத்து இடத்தில் இறங்கி அவளுடைய பாகத்தையும் சேர்த்து நட்டார். வரிசை நகர்ந்தது. பாயில் இருந்தவர்களுக்குக் கை கழுவிவிட்டு, சோறு போட்டு, முட்டையை உரித்துக் கொடுத்து முடித்தேன். வாய் துடைக்கும்போதுதான் அவர்கள் மதகருகே திரும்பி வருவது தெரிந்தது. அதிகாரியின் செருப்பு அவர் கையில் இருந்தது. குழந்தையும் அவர் தோளில்தான் இருந்தது.

"ரோட்டைத் தாண்டவே முடியல டீச்சர்," என்று அந்தப் பெண் சிரித்தாள். "லாரிக்கு மேல லாரி. மேடம் என் கையைப் புடிச்சிக்கிட்டாங்க."

அதிகாரி சன்னலுக்கு வந்தார். போகும்போது இந்த வரப்புக்குப் பக்கத்தில் இருந்த வரிசை இப்போது வயலின் மறுகோடியில் இருந்தது. அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அவ பங்கையும் சேத்து நட்டாச்சு மேடம்! இன்னைக்குச் சரி. தினம் இப்படின்னா மொதலாளி வடக்கத்திப் பசங்களைக் கொண்டாந்து எறக்கிருவாரு. அவங்களைக் குத்தம் சொல்லல. ஆனா அவங்க இடுப்புல புள்ள கிடையாது பாருங்க!"

அதிகாரி தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஆர்டர் போடறது நான் இல்லீங்க டீச்சர். பாத்ததை எழுதறதுதான் என் வேலை. தாளடி நடவு முடியிற வரைக்கும் இதை அசைக்க வேண்டாம்னு எழுதறேன். தூளியில இருக்கற புள்ளைங்களையும் சேத்து எழுதறேன். மேல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"அது போதுங்க மேடம்."

"ஃபேன் கொக்கியில மட்டும் தூளி வேணாம்."

அவர் சொன்னது சரி. எல்லா முடிச்சையும் இழுத்துப் பார்ப்பவள், கொக்கியின் பிடிமானத்தைப் பார்க்கவில்லை. அப்போதே அந்தக் குழந்தையை என் மடியில் வாங்கிக்கொண்டேன்.

இது வெற்றி என்று நான் எண்ணவில்லை. நடவு முடிந்தால் களை வரும். களைக்குப் போகும் பெண்களுக்கும் கைக்குழந்தை உண்டு. நல்ல கட்டடம் கட்டுகிறார்கள், எல்கேஜி வைக்கிறார்கள், எல்லாம் குழந்தைகளுக்கு நல்லதுதான். ஆனால் தாய் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கித் தூரத்தைப் பார்க்கிறவர்கள் அந்த மேசைகளில் குறைவு. அன்று ஒருவர் வெறுங்காலோடு பார்த்துவிட்டுப் போனார். எதையும் மறைக்காமல் காட்டினேன் என்பது எனக்குப் போதுமான பெருமை. சாயங்காலம் மேற்பார்வையாளர் மறுபடியும் போன் செய்து, "தூளியை அவுக்கவே இல்லையாமே?" என்று கேட்டபோது, "இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

குழந்தைகளைக் கூட்டிப் போகத் தாய்மார்களோடு வந்த அக்கா, படியிறங்கும்போது திரும்பினார். "நாளைக்கு இந்த வயல் இல்ல டீச்சர். மேலண்டை வயலு, உங்க சமையக்கட்டுக்குப் பின்னால."

மறுநாள் காலை பூட்டைத் திறந்ததும் வயல் பக்கத்துச் சன்னலுக்கு நான் போகவில்லை. சமையலறைக்குப் போனேன். மேற்குச் சன்னல் துருப்பிடித்து, வருடக்கணக்காகத் திறக்காமல் கிடந்தது. கீல்களில் தேங்காயெண்ணெய் விட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டித் திறந்தேன். வெளியே இருட்டில் நாற்றுமுடிகளை வீசும் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன. மற்றத் தூளிகளை நெருக்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று, இரும்புக் குழாயின் மேற்குக் கோடியில், சமையலறைக் கதவுக்கு நேராக, அந்தச் சின்னவனின் தூளியை முதலில் கட்டினேன்.