றோஸ்மலரின் பெயரில் ஒரு மேன்முறையீடு

லண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீண்ட வாங்கில் யாக்கோப்பர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பைக்குள் மனைவி றோஸ்மலரின் கண்ணாடி போட்ட சின்னப் படம். வழக்கு அவளுடையது. அவளோ போன மாரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். செத்தவளுக்கு என்னத்துக்கு வழக்கு என்று அவர் இருக்கும் குட்மேய்ஸ் பகுதிக் கோயில்சனம் குசுகுசுத்தது. குசுகுசுக்கட்டும்! அவள் பட்ட பாட்டை அவர்களா பட்டார்கள்?

மன்னாரிலிருந்து சண்டைக்குத் தப்பி ஓடிவந்தபோது தொடங்கிய வினை இது. ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போட்டோடு இருவரும் லண்டன் விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். அந்த இடத்திலேயே அகதி என்று சொல்லியும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்றார் அவர்களுக்கென்று வந்த வக்கீல். வேறொன்றும் அவர் சொல்லவில்லை.

"நான் ஏன் குற்றவாளி எண்டு சொல்லவேணும்?" என்று கேட்டாள் றோஸ்மலர். "உயிருக்குப் பயந்து ஓடி வாறவளுக்கு ஆர் நல்ல பாஸ்போட் குடுக்கிறது?"

யாக்கோப்பர் சின்ன வயதிலிருந்தே தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவர். செய்த பாவத்தைச் சாக்குப்போக்கில்லாமல் சொன்னால் சுவாமியார் மன்னிப்பார்; எழும்பி வரும்போது பாவம் இராது. நீதிமன்றமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார், அந்தப் பாவி மனிதன்!

"விசர்க்கதை கதையாதையும்," என்றார். "வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ளும். மன்னிச்சு விட்டிடுவினம்."

அவருக்காக அவள் தலையாட்டினாள். இருவருக்கும் சில மாதச் சிறை. பிறகு அகதி அந்தஸ்துகூடக் கிடைத்தது. பொலிஸ் பதிவில் மட்டும் அந்தக் குற்றம் அப்படியே கிடந்தது.

ஊரில் அவள் பாலர் பாடசாலை ரீச்சர். இங்கேயும் விழுந்து விழுந்து படித்துச் சான்றிதழ் எடுத்தாள். நேசறிப் பள்ளிகளில் நேர்முகத்தின்போது சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். பொலிஸ் செக் வந்ததும் முகம் மாறிவிடும். ஜெயிலுக்குப் போனவளை நம்பிக் குழந்தையை விடுவார்களா? கடைசியில் ஒரு நேசறியில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு கூட்டித் துடைக்கிற வேலைதான் வாய்த்தது. குட்டிக் கதிரைகளை நிமிர்த்தி, கதை கேட்க உட்காருவதுபோல வட்டமாக வைத்துவிட்டு வருவாள். அப்படி வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. யாக்கோப்பரை அவள் ஒருநாளும் குத்திக்காட்டியதுமில்லை. அதுதான் அவரை அரித்தது.

கோயிலின் பங்கு மண்டபத்தில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்ல வந்த இளம் வக்கீல் நிர்மலன்தான் விஷயத்தை உடைத்தார்.

"அன்ரி, அகதியா ஓடி வந்தவைக்கு அப்பவே சட்டத்திலை பாதுகாப்பு இருந்தது. உங்களிலை குற்றமே இல்லை."

அவள் மேன்முறையீட்டுக்கு மனுப் போட்டாள். விசாரணை வருவதற்குள் புற்றுநோய் முந்திவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியும், "கோட்ஸிலை இருந்து ஏதும் வந்ததோ?" என்றுதான் கேட்டாள். அவள் போன பிறகும் கணவர் வழக்கைத் தொடரலாம் என்று நிர்மலன் சொன்னார். யாக்கோப்பர் தொடர்ந்தார்.

நீதிபதி தீர்ப்பை வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"உயிருக்கு அஞ்சி ஓடி வருபவர் முறையான கடவுச்சீட்டோடு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. இவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கவே தேவையில்லை. தண்டனைத் தீர்ப்பு இரத்துச் செய்யப்படுகிறது."

அட கடவுளே, இது அவள் அன்றைக்கே சொன்னதல்லவா! யாக்கோப்பர் சபையென்றும் பாராமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வெளியே வந்ததும் நிர்மலன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், அடுத்தது உங்கட பதிவு. அதே வழக்குத்தான், கட்டாயம் வெல்லலாம். மனுவைப் போடுவம்."

யாக்கோப்பர் றோஸ்மலரின் படத்தை வெளியே எடுத்து, அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"வேண்டாம் தம்பி. அவ சரியாத்தான் சொன்னவ. வாயை மூடச் சொன்னது நான். என்ரை அப்பிடியே கிடக்கட்டும்."