நெவிலின் குற்றப்பட்டியல்

நெவில் பிராமிச்சை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனால் அவர் ஈரத் துண்டை எங்கே போடுவார், பிழிந்த தேநீர்ப் பையை எங்கே வைப்பார், எந்தக் காலில் ஆணி இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமல்ல, வடக்கே வெகுதூரத்தில் டூவூம்பாவில் இருக்கும் ஓய்வுபெற்ற இறைச்சிக்கடைக்காரர் கெவ் உட்பட நாடு முழுக்க இருநூறு பேருக்குத் தெரியும். பதினொரு வருடம் அவருடைய மனைவி மார்லீன் எங்களிடம் அவரைப் பற்றிக் குறை சொன்னாள். அவர் இறந்த பிறகும் ஏழு வாரம் சொன்னாள். அந்த ஏழு வாரத்தில் நான் செய்த காரியத்தால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

'தெற்கு முனை' என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் நாங்கள். வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு வரும். எங்கள் இணையக் குழுமத்தில் தொடரைப் பற்றிப் பேசுவது கொஞ்சம்தான். அதில் நடிக்கிறவர்களின் வீட்டு விவகாரம்தான் நிறைய. யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய மகள் தன் திருமணத்துக்கு அப்பாவைக் கூப்பிடவில்லை, இரட்டைக் குழந்தைகளுக்கு ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று நாள் முழுக்க ஓடும். அது அலுத்துப்போனவர்களுக்காக 'சின்ன எரிச்சல்கள்' என்ற தலைப்பில் ஒரு தொடர் அரட்டை, ஓர் இழை இருந்தது. அதைத் தொடங்கியவள் நான்.

எங்கள் ஊர் டெவன்போர்ட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம், தாமதமாக வரும் பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதியவள் நான். ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை. குழுமத்தில் மட்டுறுத்துநர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வரம்பு மீறுகிறவர்களின் பதிவை வெட்டுவதுதான் வேலை. சம்பளம் கிடையாது, திமிர் உண்டு. 'சின்ன எரிச்சல்கள்' இழைக்கு நான் இரண்டு விதி போட்டிருந்தேன். ஒன்று, விஷயம் சின்னதாக இருக்க வேண்டும். நோய், சாவு, நீதிமன்றம் எதுவும் கூடாது. இரண்டு, ஒருமுறை சொன்ன எரிச்சலை மறுபடி சொல்லக் கூடாது. யாராவது சொன்னால் பழைய பதிவைத் தேடிப் பிடித்து, 'ஏற்கெனவே சொன்னது' என்று சிவப்பு எழுத்தில் முத்திரை குத்தி, முதலில் சொன்ன தேதியையும் போடுவேன். அந்த முத்திரையில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மார்லீன் ஒரு தடவைகூட முத்திரை வாங்கியதில்லை. அவளுக்கு நெவில் இருந்தாரே.

எங்கள் ஊரிலிருந்து காரில் இருபது நிமிடம், அல்வர்ஸ்டனில் அவள் வீடு. அங்குள்ள உருளைக்கிழங்குத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். நகரும் பட்டையில் வறுவல் துண்டுகள் வந்துகொண்டே இருக்கும். கறுப்புப் புள்ளி விழுந்ததைக் கண்ணால் கண்டுபிடித்துக் கையால் எடுத்துப் போட வேண்டும். நெவில் நகராட்சியில் சாலையோரப் புல் வெட்டும் வண்டி ஓட்டினார். ஒரே மகள் லொரெல், எங்கள் தீவின் மறுகோடியில் ஹோபார்ட் நகரத்தில் பல் மருத்துவமனையில் வேலை.

"நல்ல துண்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. கெட்டது மட்டும்தான் கண்ணுல படும்" என்று மார்லீன் ஒருமுறை எழுதினாள்.

அந்தக் கண்ணுக்கு நெவில் தினமும் வேலை கொடுத்தார். பழைய ஜாடியில் ரொட்டியில் தடவும் வெஜிமைட் இரண்டு கரண்டி மிச்சம் இருக்கும்போதே புதியதைத் திறப்பார். கடையில் ஒவ்வொரு பாக்கெட்டின் கெடு தேதியையும் உரக்கப் படிப்பார். தொடர் பார்க்கும்போது "இப்ப பாரு, இப்ப பாரு" என்று சொல்லிச் சொல்லியே பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் செய்வார். நடிகர் குடும்பங்களின் உறவுமுறை எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சொந்த மச்சினனின் பிள்ளைகள் பெயர் மட்டும் வராது. தொடரின் தலைமை நர்ஸாக வருகிறவள் மூன்றாம் திருமணம் செய்துகொண்டபோது நாங்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். மார்லீன் எழுதினாள்: "எங்க வீட்டு ஆளு சொல்றார், முதல் புருஷனே தேவலையாம். அவனாவது வீட்டு முன்னாடி புல்லை ஒழுங்கா வெட்டி வெச்சிருந்தானாம். போட்டோவுல பார்த்தாராம்."

கெவ் அதற்கு, "நெவில எங்க ஊருக்கு அனுப்பு, ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பறேன்" என்று எழுதினார்.

"ரெண்டாம் நாள் நீயே வண்டி ஏத்தி விட்ருவ" என்றாள் மார்லீன்.

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, வெளியே தபால் பெட்டியைப் பார்க்கப் போன நெவில் அங்கேயே விழுந்து இறந்தார். நான்கு நாள் மார்லீன் குழுமத்துக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, நெவில் தேநீர்ப் பையைக் குழாய்மேல் தொங்கவிட்டிருப்பதாக எழுதினாள். நாங்கள் வழக்கம்போலச் சிரித்தோம். எங்களுக்கு எப்படித் தெரியும்? குழுமத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. இருபது நிமிட தூரத்தில் இருந்த நானும் போனதில்லை.

தேநீர்ப் பை விஷயம் 2015-லேயே வந்திருந்தது. தேடிப் பிடித்து முத்திரை குத்தினேன். இரண்டு வாரம் கழித்துக் கெடு தேதி விஷயம் வந்தது. அதற்கும் குத்தினேன். மார்லீனுக்கு வயதாகிறது, மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்தால் அன்பாகத்தானே நடந்துகொள்ள வேண்டும்? எனக்கு உள்ளூர ஒரு குஷி. இத்தனை வருடம் அகப்படாத ஆள் அகப்பட்டுவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் அவள் எழுதினாள்: "மறுபடியும் ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டிருக்கார். என் பக்கத்துல."

நான் சிவப்பு எழுத்தில் குத்தினேன்: 'ஏற்கெனவே சொன்னது. 9 ஆகஸ்ட் 2016.' அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் மார்லீன், நெவிலுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சா? புதுசா ஏதாவது செய்யச் சொல்லு" என்று சேர்த்தேன். பதினான்கு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள்.

கால்மணி நேரத்தில் அவள் பதில் வந்தது.

"அவரால இனிமே புதுசா ஒண்ணும் செய்ய முடியாது ஜானிஸ். மார்ச் பதினொண்ணுல போயிட்டார். என்கிட்ட இருக்கறது எல்லாம் பழசுதான். இங்க சொல்லிட்டா இங்கயும் செத்துடுவார்னு சொல்லாம இருந்தேன். விதியை மீறினதுக்கு மன்னிச்சுக்கோ."

அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். பதினான்கு பேரும் சிரிப்பு முகத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். கெவ் மட்டும், "எனக்கு அவரை ரொம்பப் புடிக்கும் மார்லீன்" என்று எழுதினார். நான் மூன்று முத்திரையையும் நீக்கினேன். குத்தியதை எல்லோரும் பார்த்தாயிற்று. நீக்கி என்ன பயன்.

ஒரு வாரத்தில் என் தொலைபேசி அடித்தது. பதினொரு வருடத்தில் மார்லீனின் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல்.

"லொரெல் எல்லாத்தையும் படிச்சுட்டா" என்றாள். "யாரோ அனுதாபம் சொல்றேன்னு அவளுக்கு அனுப்பியிருக்காங்க. எங்கப்பாவை ஊர்பேர் தெரியாதவங்ககிட்ட இத்தனை வருஷம் கேவலப்படுத்தியிருக்கியேன்னு ஒரே அழுகை. எல்லாத்தையும் அழிச்சிடு ஜானிஸ்."

"எல்லாத்தையுமா? பதினோரு வருஷம் மார்லீன்."

"தெரியும். எழுதினவ நான்தானே."

"கொஞ்ச நாள் பொறு. அவ கோவம் ஆறட்டும்."

"அவ சொல்றது நிஜம்தானே. ஒரு நல்ல வார்த்தை எழுதியிருக்கேனா? நீயே தேடிப் பாரு. உனக்குத்தான் தேடத் தெரியுமே."

தேடினேன். உண்மையிலேயே ஒன்றுகூட இல்லை.

ஒரு தடவை அவளைக் காயப்படுத்திவிட்டோம், இந்தத் தடவையாவது சொன்னதைச் செய்வோம் என்று நினைத்தேன். எங்கள் குழுமத்தின் மென்பொருள் பழையது. மொத்தமாக அழிக்க வழியில்லை. ஒவ்வொன்றாகத் திறந்துதான் அழிக்க வேண்டும். அழித்தால் போனதுதான். ஆயிரத்து நானூறுக்குமேல் இருந்தன. காலையில் உட்கார்ந்து மதியம்வரை, ஒன்பது நாள் ஆயிற்று. நகல் எடுத்து வைக்கலாமா என்று முதல் நாள் தோன்றியது. அது அவளை ஏமாற்றுவதாகும் என்று விட்டுவிட்டேன். என் நேர்மையில் தீயை வைக்க.

அழிக்க அழிக்கப் படித்தேன். அவர் எந்த விரலால் கண்ணாடியை மேலே தள்ளுவார், இருமுவதற்கு முன்னால் எப்படி ஒரு கணம் கூரையைப் பார்ப்பார், செருப்பில் எந்தக் குதிகால் முதலில் தேயும் என்று எல்லாம் அதில் இருந்தது. ஒரு மனிதனை இப்படிப் பார்த்த இன்னொருத்தியை எனக்குத் தெரியாது. என் கணவர் முன்னறையில் உயிரோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் தேநீரில் எத்தனை சர்க்கரை போட்டுக்கொள்கிறார் என்பதே எனக்கு நிச்சயமில்லை. ஒன்பதாம் நாள் கடைசிப் பதிவை அழித்துவிட்டு எழுந்தபோது, நானே யாரையோ புதைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

ஜூலையில் லொரெல் கூப்பிட்டாள். மன்னிப்போ கோபமோ இல்லை, களைத்த குரல்.

"சனிக்கிழமை அப்பாவோட அஸ்தியைக் கல்லறைத் தோட்டத்துல வைக்கறோம். நான் ரெண்டு வார்த்தை பேசணும். பதினெட்டு வயசுல வீட்டை விட்டுப் போனவ நான். அம்மாகிட்ட கேட்டா 'நல்ல மனுஷன்'ங்கறா. எதைக் கேட்டாலும் அதேதான். ஏன் அப்படிப் பேசறான்னு எனக்குத் தெரியும், நான் திட்டினதுனாலதான். நீங்க அழிச்சதுல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"ஒண்ணுகூடவா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் அல்வர்ஸ்டனுக்குப் போனேன். மார்லீன் கதவைத் திறந்தாள். குள்ளமான பெண், வெளுத்த கம்பளிச் சட்டை. "உன்னை இன்னும் உயரமா நெனச்சிருந்தேன்" என்றாள். சமையலறையில் உட்கார வைத்தாள். லொரெல் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மேஜையருகே இருந்தாள். பக்கம் வெறுமையாக இருந்தது. தேநீரும் வெண்ணெய் தடவிய ஸ்கோன் ரொட்டியும் வந்தன. நெவிலைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"நல்ல மனுஷன்" என்றாள் மார்லீன். "யாருக்கும் கெடுதல் நெனச்சதில்ல."

சவப்பெட்டிக் கடையில் அச்சடித்து விற்கும் அனுதாப அட்டைபோல இருந்தது அது. லொரெல் அதையே எழுதினாள், எழுதிவிட்டு அடித்தாள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. தெரிந்தே தப்பாகச் சொன்னேன்.

"ஆப்பிள்ல இருக்கற ஸ்டிக்கரைப் பிரிச்சு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுவார்னு எழுதியிருந்தியே."

மார்லீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஃப்ரிட்ஜ்லயா? நான் எப்ப அப்படி எழுதினேன்? மேஜைக்கு அடியில ஒட்டுவார். இதோ, இந்த இடத்துல. தெரியாதுன்னு நெனப்பு. கையை அடியில விடறது, மூஞ்சிய அப்பாவி மாதிரி வெச்சுக்கறது. முப்பது வருஷ ஸ்டிக்கர், வரிசையாக்கூட இல்ல, ஒண்ணுமேல ஒண்ணு. ஆப்பிளையாவது முழுசா திம்பாரா? பாதியைக் கடிச்சுட்டு ஜன்னல்ல வெச்சுடுவார், பறவைக்காம். எந்தப் பறவை ஜன்னலுக்கு உள்ள வந்து திங்கும், சொல்லு."

லொரெல் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்தி, மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கையால் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"சுரண்டி எடுத்துட்டேன்" என்றாள் மார்லீன். "ஏப்ரல்ல. கத்தியை வெச்சு ரெண்டு நாள் உட்கார்ந்து எல்லாத்தையும் எடுத்தேன். எவ்வளவு நாளா எடுக்கணும்னு இருந்தேன்." அவள் உதடு கோணியது. மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இந்த வீட்டுல இப்ப ஒரு குறையும் இல்ல லொரெல். காலையில எழுந்ததுலேர்ந்து தேடறேன். ஒண்ணுகூடக் கெடைக்க மாட்டேங்குது."

லொரெல் நோட்டை மூடிவிட்டு எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.