மரியாதை கெட்ட மத்தியானம்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். மோகனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணற்றடியில் காளை பூட்டிக் கவலை இறைத்துத்தான் வெள்ளாமை. காளைகள் சரிவில் இறங்கினால் சால் தண்ணீரோடு மேலே வரும். பின்பக்கமாகவே மேலேறினால் சால் கிணற்றுக்குள் போகும். அப்போது கயிறு ஓடும் கப்பிச் சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் சொக்குகிறது.

அந்த வருஷம் ராகி கதிர் வாங்குகிற நேரத்தில் என் வீட்டுக்காரருக்குக் குளிர்காய்ச்சல். "எந்திரிச்சு நடமாடுனா உசுருக்கு ஆகாதுங்க" என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். பங்குக் கிணற்றில் எங்கள் முறை அன்று ஒரு நாள்தான். விட்டால் ராகி கருகிவிடும். ஓட்டத் தெரிந்த ஆட்களெல்லாம் அணை வேலைக்குப் போயிருந்தார்கள். கப்பிச் சத்தம் கேட்காவிட்டால் இவரே எழுந்து வந்துவிடுவார். அந்தப் பயத்தில் நானே காளைகளைப் பூட்டினேன்.

பூட்டினேனே தவிர, அதட்டத் தெரியவில்லை. என் பிறந்த வீட்டில் கைக்குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்றுதான் கூப்பிடுவோம். அதே வாயால் "நடங்க சாமி, எறங்குங்க" என்றேன். வேறு யாரையோ சொல்கிறேன் என்பதுபோல் இரண்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றன. தூரத்துக் காடெல்லாம் கானலில் ஆடியது. கிணற்று வாயில் தும்பிகள் அந்தரத்தில் நின்றன. கெஞ்சுவது என் குரல்தானா என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் நான் எங்கேயோ மிதந்து போய்விட்டேன்.

நிமிர்ந்தால், இவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிரே வீட்டு வாசல் நிலையைப் பிடித்து நிற்கிறார். கால் நடுங்குகிறது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! கோபமென்ன, பயம்தான். "நட்ரா! எறங்குடா!" என்று காளைகளைப் பார்த்துக் கத்தினேன். அதே மூச்சில் வாசல் பக்கம் திரும்பி, "நீ போய்ப் படு!" என்றேன்.

மூன்று பேரும் நகர்ந்தார்கள்.

கப்பி கத்தியது. கூலிக்கு வந்தவள் மடை திருப்பிக்கொண்டே போனாள். பொழுது சாயக் கடைசிப் பாத்தியும் நனைந்தது. ஆனால் சொன்ன சொல் என்னை நாளெல்லாம் அரித்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கூட நான் பேசியதில்லை.

தலையைக் குனிந்தபடியே கஞ்சியோடு உள்ளே போனேன். கட்டிலில் மெல்ல எழுந்து உட்கார்ந்தவர், கிண்ணத்தை வாங்காமல் கேட்டார்:

"குடிக்கலாமுங்களா?"

சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன எனக்கு.

"ஆறிப் போயிரும், குடி" என்றேன்.